செவ்வியல் சீனத்தில் ‘ஜி’: பொருளும் ஆட்சியும்

செவ்வியல் சீன நூல்களில் மிகுதியாகப் பயின்றுவரும் எழுத்துகளுள் ‘ஜி’ என ஒலிக்கப்படுவதும் ஒன்று. அகராதிகள் இதற்குச் ‘செல்’ என்னும் வினை, ‘அவனை, அதனை’ என்னும் சுட்டு, ‘உடைய’ என்னும் இடைச்சொல் எனப் பல பொருள்களைத் தருகின்றன. இவற்றை மனப்பாடம் செய்வதனால் மட்டும் இதன் ஆட்சி விளங்கிவிடாது. செவ்வியல் சீனத்தில் தமிழிற் காணப்படுவன போன்ற வேற்றுமை உருபுகளோ வினை விகுதிகளோ இல்லை. எனவே, எழுத்து நிற்கும் இடமே அதன் பொருளைத் தெளிவிக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 100இல் எழுத்துகளின் அமைப்பை விளக்கி அகராதி தொகுத்த சூ ஷென், இது முளைத்தெழும் செடியைக் காட்டுவதாகக் கொண்டார். 1899 முதல் அறிஞர் கவனத்திற்கு வந்த எலும்பு எழுத்துகளிலோ ஒரு கோட்டின்மேல் பாத வடிவம் காணப்படுகிறது. ஆதலின் ‘செல்லுதல்’ என்பதே முதற்பொருள் என்பர். சுட்டும் இடைச்சொல்லும் ஒலியொப்புமை பற்றி இவ்வடிவைக் கடன்கொண்டவை எனக் கருதப்படுகின்றன.

வினையாக வருங்கால் இதனையடுத்து இடப்பெயர் நிற்கும். வினைக்குப்பின் வரின் இது செயப்படுபொருட் சுட்டாகும்: ‘அரசன் – அறி – ஜி’ என்பது ‘அரசன் அதனை அறிவான்’ எனப்படும். இரு பெயர்களுக்கிடையே வரின் ஆறாம் வேற்றுமைப் பொருள் தரும்: ‘அரசன் – ஜி – குதிரை’ என்பது ‘அரசனது குதிரை’. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே வரின் முற்றுத்தொடர் பெயர்த்தன்மை அடையும்: ‘அரசன் – வா’ என்பது ‘அரசன் வந்தான்’, ‘அரசன் – ஜி – வா’ என்பதோ ‘அரசனது வருகை’ அல்லது ‘அரசன் வந்தபோது’. இதனை முற்றுத்தொடராகப் பெயர்த்தால் மூலத்தின் வாக்கியத் தொடர்பே சிதைந்துவிடும்.

எதிர்மறைத் தொடரில் சுட்டு பெரும்பாலும் வினைக்கு முன்னர் வரும்: ‘அரசன் – அல் – ஜி – அறி’ என்பது ‘அரசன் அதனை அறியான்’. இங்கு ‘ஜி’யை ஆறாம் வேற்றுமை எனக் கொள்ளுதல் பிழையாகும். முன்னுள்ள எதிர்மறைச்சொல்லே இதற்குச் சான்று.

தமிழாக்கத்தில் மற்றுமொரு சிக்கல் எழுகிறது. சுட்டாக வரும் ‘ஜி’ திணை, பால், எண் காட்டாது. தமிழிலோ ‘அவனை, அவளை, அவரை, அவர்களை, அதனை, அவற்றை’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முன்தொடரும் உரையாசிரியர் கூற்றும் இதற்குத் துணைபுரியும். சில இடங்களில் ‘ஜி’ குறிப்பிட்ட எப்பொருளையும் சுட்டாமல், வினை செயப்படுபொருள் குன்றாதது என்பதை மட்டும் உணர்த்தும். அங்குச் சுட்டினை விடுத்து வினையை மட்டும் பெயர்ப்பதே பொருந்தும். ‘அதனை’ எனச் சேர்ப்பின் மூலத்தில் இல்லாததொரு பொருளைப் படிப்பவர் தேட நேரும்.