மைனஸ் 269 டிகிரியில் மறைந்துபோன தடை... தெரியுமா?

ஏப்ரல் வெயில் திண்டுக்கல்லில் மண்டையைப் பிளக்கும், இல்லையா? 1911 ஏப்ரல் 8 அன்று, நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வகத்தில் ஒரு குடுவைக்குள் இருந்த குளிர் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்!

அந்தக் குளிரில் பாதரசத்துக்குள் மின்சாரம் பாய்ச்சினார் இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ். செம்பானாலும் வெள்ளியானாலும் மின்சாரத்துக்குக் கொஞ்சமாவது தடை இருக்கும். பாதரசத்தில்? சட்டென்று தடையே காணோம்! மீக்கடத்துத்திறன் பிடிபட்டது இப்படித்தான்!

இவ்வளவு பெரிய நாளின் தேதி உறுதியானது எப்போது தெரியுமா? 2010இல்! ஓனஸ் பென்சிலால் கிறுக்கிய குறிப்பேட்டைப் படிப்பதே அத்தனை பாடு!

குளிரூட்டியது எது? திரவ ஹீலியம். 1908 ஜூலை 10 அன்று உலகிலேயே முதன்முதலாக அதை உண்டாக்கியவரும் இதே ஓனஸ்தான். கிடைத்ததோ சுமார் 60 மில்லிலிட்டர், அரை டம்ளர்கூட இல்லை!

அந்த ஹீலியத்தின் தடயம் முதலில் தெரிந்தது எங்கே? நம்ம பக்கத்தில்! 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன், சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைப் பார்த்தார். பூமியில் ஹீலியம் கிடைத்ததோ 27 ஆண்டுகள் கழித்து, 1895இல்! சூரியனில் முதலில், மண்ணில் பிறகு... எவ்வளவு பெரிய அதிசயம்!

1914இல் ஓனஸ் செய்தது இன்னும் வியப்பு. ஈயக் கம்பிச் சுருளைக் குளிர வைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டார். மின்சாரம் நிற்கவே இல்லை! மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது!

இந்தியாவில் ஹீலியம் திரவமானது 1952இல், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். அப்போது இயக்குநர் யார் தெரியுமா? வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ்.கிருஷ்ணன்! நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

இன்று அந்தக் குளிர் எங்கே இருக்கிறது? எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினுக்குள்! பெரும்பாலான மெஷின்களில் நியோபியம்-டைட்டேனியம் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. 1.5 டெஸ்லா மெஷின் என்றால், பூமியின் காந்தப் புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு! கரன்ட் போனாலும் காந்தம் அணையாது! ஆகவே பூட்டு ஊர்க்காரர்களே, ஸ்கேன் அறைக்குள் நுழையும் முன் இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்தை மறக்காமல் வெளியே வைத்துவிடுங்கள்!