குடிநோய்க்கு முதல் வாசல் ஓ.பி. சீட்டு

தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை வாங்கிய கூலி, மதியம் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் கடை திறந்ததும் கரைந்துவிடுகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் திரும்பத் திரும்ப மூன்று தவறுகளைப் பார்க்கிறேன். குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்கிறார்கள். யாரோ கொடுத்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிறார்கள். நகையை அடகு வைத்து ஏதோ ஒரு மையத்தின் வேனை வரவழைத்து, கையைக் காலைக் கட்டி ஏற்றுகிறார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு ஓ.பி. சீட்டு வாங்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் தவறு உயிரைக் குடிக்கும். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று சாராயம் நின்றால், சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். இதைப் பேய் என்று சொல்லி மந்திரவாதியிடம் கூட்டிப்போகாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவதும் அப்படித்தான். டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, இதயமே நிற்கக்கூடும். குடிப்பவர் அறிந்து சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டிய மருந்து அது. குழம்பில் கலக்காதீர்கள், கலக்கச் சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

சரியான வழி ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், கல்லீரல் சோதனை எடுத்திருந்தால் அதன் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நான்கு விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா. படுக்கை தேவையா, வீட்டிலிருந்தே மாத்திரை போதுமா என்று மருத்துவர் முடிவு செய்வது இந்தப் பதில்களை வைத்துத்தான். நடுக்கம் அடங்கியபின் சிகிச்சை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோய்க்குப் போல மாதாமாதம் போய்க் காட்ட வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டில் ஒன்றை அழைக்கலாம். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டளை.

தனியார் மையம்தான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் ஆளை விடாதீர்கள். சுயநினைவோடு மறுப்பவரைக் குடும்பத்தார் கையெழுத்தை மட்டும் வைத்து அடைத்துவைக்க முடியாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு நடக்கும் சேர்க்கைக்கும் 30 நாள் வரம்பு உண்டு. அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்தில் மனு கொடுத்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சங்கிலியில் கட்டுவதை 95-ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100.

இனி காப்பீடு. இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான தனியார் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், ஓ.பி. செலவுக்குத் தராது. அதோடு ‘எக்ஸ்க்ளூஷன் 12’ என்ற விதி குடி, போதை சிகிச்சையையும் அவற்றின் விளைவுகளையும் விலக்குகிறது. ஆனால் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21(4). சட்டம் ஒன்று சொல்ல, பாலிசித் தாள் வேறொன்று சொல்கிறது. இத்தனை வருடமாக இதை வேடிக்கை பார்க்கும் அதிகாரிகளைக் கேட்க ஆளில்லை. மனநோய்க்கான கிளைமை மறுத்த ஒரு நிறுவனத்தைப் பணம் தரச் சொல்லி 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது குடிநோய் வழக்கு அல்ல. ஆனாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம்.

“குடிக்கு கிளைம் வராது” என்று கவுண்டரில் வாயால் சொன்னதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பாலிசி நகல் ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மனு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். வழி கேட்க காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் 155255. டிஸ்சார்ஜ் சம்மரியில் மது என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மருத்துவரைக் கெஞ்சாதீர்கள். பொய்த் தாள் பிடிபட்டால் நியாயமான கிளைமும் போகும். மஞ்சள் காமாலை போன்ற நோய்க்குக் குடி தவிர வேறு காரணம் இருந்தால் அதைச் சோதனை அறிக்கையோடு எழுதித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்துவைக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். விவரத்துக்கு 1800 425 3993. ரத்த வாந்தி எடுத்து வார்டில் சேர்ந்தபின் வருமானச் சான்றுக்காக ஓடுவதைவிட, ஆள் நடமாடும்போதே ஓடுவது மேல்.

அரசு மருத்துவமனையின் ஓ.பி.க்கு எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். அடகுக் கடைக்குப் போகும் முன் ஆசாரிப்பள்ளம் பஸ் ஏறுங்கள்.