நோவு தணிக்கும் மருந்து அடிமைப்படுத்துவது எங்ஙனம்?

நோவு உடலின் காவலாளி. காயம்பட்ட உறுப்பை அசைக்காதே என்று எச்சரிப்பது அதுவே. ஆயினும், புற்றுநோய் முற்றியவருக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவருக்கும் அவ்வெச்சரிக்கையால் பயன் ஒன்றும் இல்லை. வேதனை ஒன்றே எஞ்சுகிறது. இத்தகைய கடும் நோவைத் தணிக்க மருத்துவர்கள் அபினி இனத்தைச் சேர்ந்த மருந்துகளைக் கையாளுகின்றனர். துன்பம் துடைக்கும் அம்மருந்துகளே சிலரை அடிமைப்படுத்துவதும் உண்டு. இதன் காரணத்தை அறிந்தவர் அவற்றைக் கண்டு வீணே அஞ்சவும் மாட்டார். அளவின்றிக் கையாளவும் மாட்டார்.

அபினியும் அதன் இனமும்

கசகசாச் செடியின் முதிராத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினி ஆகிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளில், மத்திய அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் மட்டுமே இச்செடியைப் பயிரிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். கோடீனும் அபினியில் உள்ள பொருளே. டிரமடால், ஃபென்டனில் ஆகியவை ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டவை. பாராசிட்டமால், ஆஸ்பிரின் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல.

பூட்டும் சாவியும்

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் இம்மருந்துகள் பொருந்துவதற்கான இடங்கள் உள்ளன என்பது 1973இல் நிறுவப்பட்டது. பூட்டில் சாவி பொருந்துவது போல மருந்து அங்கே பொருந்துகிறது. செடியின் பாலுக்கு மனித மூளையில் பூட்டு ஏன்? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற அறிஞர்கள் இதற்கு விடை கண்டனர். நோவைத் தணிக்கும் பொருள்களை மூளை தானே சுரக்கிறது. பூட்டு அவற்றுக்கு உரியது. மருந்து அதனை வலிய திறக்கும் மாற்றுச்சாவியே.

மருந்து பொருந்தியதும் நோவுச் செய்தி தண்டுவடத்திலேயே தடைபடுகிறது. இன்பத்தையும் ஊக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதியில் டோபமின் என்னும் பொருள் மிகுதியாக வெளிப்படுகிறது. ‘இது நன்று, மீண்டும் நாடுக’ என்ற பாடத்தை மூளை ஆழப் பதித்துக்கொள்கிறது.

உடல் ஈடு செய்யும் முறை

மருந்து நாள்தோறும் உட்செல்லுமாயின் நரம்பணுக்கள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. முன்பு போதுமாயிருந்த அளவு பின்னர்ப் போதுவதில்லை. மருந்து அடக்கிவைத்த அணுக்கள், அதனை மீறி இயங்கும் பொருட்டுத் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அந்நிலையில் மருந்து திடீரென நின்றுவிட்டால், தடையற்ற வண்டி போல அவை ஓடத் தொடங்கும். கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுக்கு, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, தசைநோவு, உறக்கமின்மை ஆகியவை தோன்றும்.

பலரைச் சிக்கவைக்கும் கண்ணி இங்கேதான் உள்ளது. மருந்து நின்றதால் எழுந்த நோவைத் தம் பழைய நோவே என்று அவர்கள் கருதுகின்றனர். மீண்டும் மாத்திரையை விழுங்கியதும் நோவு நீங்குகிறது. மருந்து இன்றியமையாதது என்ற எண்ணமும் வலுக்கிறது.

எனினும், உடல் பழகுதல் வேறு, அடிமைப்படுதல் வேறு. புற்றுநோயாளி மாதக்கணக்கில் மார்ஃபின் உட்கொண்டால் அவர் உடல் அதற்குப் பழகும். அதனால் அவர் அடிமை ஆகிவிடுவதில்லை. தீங்கு நேர்வதை அறிந்தும், தொழிலும் குடும்பமும் சிதைவதைக் கண்டும், மருந்தையே நாடி அலையும் நிலையே அடிமைநிலை.

ஆளுக்கு ஆள் வேறுபாடு

ஒரே மாத்திரை ஒருவருக்கு இதம் தருகிறது. மற்றொருவருக்குக் குமட்டலும் அரிப்பும் தலைச்சுற்றலும் தருகிறது. கோடீன், கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் மார்ஃபினாக மாறிய பிறகே நோவைத் தணிக்கிறது. பிறவியிலேயே அந்நொதி குன்றியவருக்கு அதனால் பயன் மிகக் குறைவு. அது மிகுந்தவருக்குச் சிறு அளவும் நஞ்சாகலாம். டிரமடால் சிலருக்கு வலிப்பை உண்டாக்கும். மனச்சோர்வு, இளம்பருவம், முன்பே மதுப்பழக்கம் உடைமை ஆகியவை அடிமைப்படும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சை ஆளும் மூளைப்பகுதி அடங்கி மரணம் நேரும். மதுவோ தூக்கமாத்திரையோ உடன் சேர்ந்தால் இவ்வபாயம் பன்மடங்காகும்.

இரு வகைத் தீங்கு

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அபினி இனப் பொருள்களைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர். மருந்துக்கடை மாத்திரைகளைத் தவறாக நாடியோரும் இதில் அடங்குவர். டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்டது. மறுபுறம், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையான விதிகளுக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல மார்ஃபினையே கைவிட்டன. நோயாளிகள் வேதனையில் வாடினர். இக்குறையை நீக்கும் நோக்குடன் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

செய்யத்தக்கன

மருத்துவர் குறித்த அளவையும் நாளையும் மீறலாகாது. ஒருவருக்குத் தந்த மாத்திரையைப் பிறருக்குக் கொடுத்தலும் ஆகாது. நெடுநாள் உட்கொண்டவர் தாமே திடீரென நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். அடிமைப்பட்டவரை ஒழுக்கக்கேடர் என இகழ்ந்தால் அவர் மறைந்து வாழ்வாரேயன்றித் திருந்தார். பியூப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளால் முறையான சிகிச்சை உண்டு. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

சில வாரங்கள் விலகியிருந்தவர் மீண்டும் பழைய அளவை உட்கொள்வது பேராபத்து. அதனைத் தாங்கும் ஆற்றலை உடல் அதற்குள் இழந்திருக்கும். மூச்சு மந்தமாகி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, எழுப்பியும் எழாதவரை உறங்குகிறார் என விட்டுவிடலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், நலாக்சோன் என்னும் மாற்று மருந்தால் உயிரைக் காக்க இயலும். களப்பணியாளரும் ஆசிரியரும் ஊரறியச் சொல்லவேண்டிய முதற்செய்தி இதுவே.