பாம்புக்கடி: குழந்தைக்கும் பெரியவர் அளவு மருந்து!

கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. காட்டு வேலைக்குப் போகிறவர்கள், பாம்பு கிடக்குமோ என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

காய்ச்சல் மருந்தைக் குழந்தையின் எடை பார்த்துக் குறைத்துக் கொடுப்பார்கள். பாம்புக்கடி மருந்து அப்படி அல்ல! தொடக்கத்தில் பெரியவருக்கு 10 குப்பி என்றால், குழந்தைக்கும் 10 குப்பிதான்.

ஏன்?

ஆள் சிறியது என்று பாம்பு விஷத்தைக் குறைப்பது இல்லை. மருந்து முறிக்க வேண்டியது அந்த விஷத்தை! நர்சு மாணவிகளுக்கு இது முக்கிய பாடம்.

கடிபட்ட எல்லோருக்கும் இந்த மருந்து கிடையாது. சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியதற்கு அடையாளம். நல்ல பாம்பு, கட்டு விரியன் கடித்தால் கண் இமை சொருகும், மூச்சு முட்டும்.

மருந்து, குதிரை ரத்தத்தில் இருந்து தயாராகிறது. சிலருடைய உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. அரிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். ஆகவே, நர்சு அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று கவனிப்பார்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில், "பச்சைப் பிள்ளைக்கு இத்தனை மருந்தா?" என்று தடுக்காதீர்கள். அந்த அளவுதான் பிள்ளையைக் காப்பாற்றும்!