மாத்தறை வைரம் வைரமா?

மகளின் நிக்காஹுக்கு வைரத் தோடு வாங்கக் குருநகரிலிருந்து கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை கரட்?" என்று கேட்குமுன் "இது வைரம்தானா?" என்று கேளுங்கள்.

நமது இலங்கையில் நீலக்கல் உண்டு, புஷ்பராகம் உண்டு. வைரச் சுரங்கம் இல்லை. 'மாத்தறை வைரம்' எனப் பெயர்பெற்றது நிறமற்ற சிர்கோன் கல். அதுவும் இயற்கைக் கல்தான், அழகாகவே மின்னும். ஆனால் வைரத்தின் உறுதி அதற்கில்லை. நாளடைவில் பட்டைகளின் ஓரம் தேய்ந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். அடிப்பட்டைகளின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தால் அது வைரமன்று. ஒற்றைக் கோடாகத் தெரிந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். கியூபிக் சிர்கோனியாவும் அப்படித்தான் தெரியும்.

வைரமென்று உறுதியானபின் எடை, நிறம், தெளிவு, பட்டை ஆகிய நான்கையும் பாருங்கள். ஒரு கரட் 200 மில்லிகிராம். நிறத் தரம் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதுவே முற்றிலும் நிறமற்றது. எழுத்து தள்ளிப்போகப் போக மஞ்சள் சாயல் கூடும். கல்லுக்கு ஒளி தருவது பட்டை. பட்டை கோணிய பெரிய கல்லைவிட, நன்கு தீட்டிய சிறிய கல் மேல்.

இப்போது ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரங்களும் வருகின்றன. அவையும் வைரமே, ஆனால் விலை மிகக் குறைவு. வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே பரிசோதனை அறிக்கை கேளுங்கள். 'இயற்கை வைரம்' என்று பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். ஐயமிருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் கொழும்பு ஆய்வுகூடத்தில் கல்லைக் காட்டலாம்.

பெயரை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.