பழைய வண்டியும் புதிய பெட்ரோல் தொட்டியும்

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் என்னும் மோட்டார் வண்டியை இன்றும் பலர் போற்றி ஓட்டுகின்றனர். அதன் பெட்ரோல் தொட்டியைக் குறித்து ஈண்டுச் சில கூறுவோம்.

அவ்வண்டியில் தொட்டியின் மேற்றகடே பின்புறச் சாமான் அறைக்குத் தளமாகும். அவ்வறைக்கும் பயணிகளுக்கும் இடையே அட்டைத் தடுப்பும் இருக்கையுமன்றி இரும்புச் சுவர் இல்லை. பின்னிருந்து மற்றொரு வண்டி மோதித் தொட்டி பிளக்குமாயின், பெட்ரோல் உள்ளிருப்போரை எளிதில் அடையும். மோதலிற் பெட்ரோல் ஒழுகுவதை வரையறுக்கும் அமெரிக்க விதி 1968-இல் நடைமுறைக்கு வந்தது. பின்புற மோதற் சோதனையோ 1976-இலேதான் சேர்க்கப்பட்டது.

ஆதலின், துருவேறிய தொட்டியை மாற்றுவோர் அளவொன்றையே நோக்குதல் போதாது. முதலாவது, பழைய தொட்டியை வெறுமையென்று எண்ணித் தீயருகே கொண்டுசெல்லலாகாது. நிறைந்த தொட்டியினும் ஆவி தங்கிய வெறுந்தொட்டியே எளிதில் வெடிக்கும். இரண்டாவது, பெட்ரோல் குறையுந்தோறும் காற்றுப் புகுதற்கு வழி வேண்டும்; அஃதின்றேல் உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சின் நின்றுவிடும். மூன்றாவது, பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் இணைப்பைப் புதுப்பித்து, ஒழுக்கின்மையைச் சோதித்தல் வேண்டும். இறுதியாக, இருக்கைக்குப் பின்னே இரும்புத் தகடொன்றை இடைவெளியின்றிப் பொருத்துதல் நன்று.

பழைய வண்டிக்குப் பிற்காலச் சட்டம் விலக்களிக்கலாம். தீயோ எவ்வண்டிக்கும் விலக்களிப்பதில்லை. பழமையைப் பேணும் நாம் அதிற் பயணம் செய்வோரின் உயிரையும் பேணக் கடமைப்பட்டுள்ளோம்.