மதிலோரத்து ஒற்றையடிப் பாதை

மாத்தளை நகரிலிருந்து உக்குவளைப் பக்கமோ ரத்தோட்டைப் பக்கமோ போகும்போது, உயர்ந்த கேட் போட்ட வீடுகளைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ‘நாய் கவனம்’ என்று பலகை தொங்கினால் இன்னும் நல்லது. உள்ளே அல்சேஷன் வளர்கிறது என்றால், மதிலை ஒட்டிப் புல் முளைக்காத ஒரு தடம் தெரியும். ஒரு சாண் அகலம் இருக்கும். மூலைக்கு வந்ததும் தடம் அகன்று, மண் குழிந்து கிடக்கும். அங்கேதான் அது திரும்புகிறது. மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீரெல்லாம் அந்த வாய்க்கால் வழியே ஓடும்.

வீட்டுக்காரர் இதைக் காவல் என்பார். நட்டுவைத்த செடியெல்லாம் போச்சே என்று வீட்டம்மா நொந்துகொள்வார். நாயோ தன் பாட்டன் பூட்டன் பார்த்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த வேலை ஜேர்மனியின் வயல்வெளிகளில் பிறந்தது. வேலியில்லாத நிலத்தில் ஒரு துண்டில் ஆடு மேயும். அடுத்த துண்டில் பயிர் நிற்கும். நடுவே நாய்தான் வேலி. எல்லைக் கோட்டில் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஓடி, பயிரில் வாய் வைக்கப் போகும் ஆட்டைத் திருப்பிவிட வேண்டும். 1899இல் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி இப்படியொரு நாயை வாங்கி, ஹொரண்ட் என்று பெயர் சூட்டி, ஜேர்மன் ஷெப்பர்ட் இனத்தின் முதல் நாயாகப் பதிந்தார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியருக்கு ‘ஜேர்மன்’ என்ற சொல்லே கசந்தது. அல்சாஸ் மாநிலத்தின் பெயரைச் சொல்லி, நாயை அல்சேஷன் ஆக்கினார்கள். 1977இல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். மாத்தளைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இங்கே அல்சேஷன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தோட்டத்துப் பங்களா. துரையின் நாய்க்குப் பயந்து, பங்களா வாசலுக்குப் போகிற ஆள் தூரத்திலேயே நின்று குரல் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஆசிரியராகவோ கடைக்காரராகவோ ஆகி, நகரோரத்தில் வீடு கட்டி, அதே அல்சேஷன் குட்டியை வாங்கி வருகிறார். இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆனால் பங்களாவில் அந்த நாயைக் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போக ஓர் ஆள் இருந்தார். பத்துப் பேர்ச் காணியில் அந்த ஆள் இல்லை. நாயை மட்டும் வாங்கி வந்துவிட்டு, கூடவே வந்திருக்க வேண்டிய நடையை நாம் வாங்கவில்லை.

சில வருடங்களாக போர்டர் கொலியும் இந்தப் பக்கம் ஆசை நாயாகிவிட்டது. கறுப்பும் வெள்ளையும், கூரான கண். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதிதான் இதன் ஊர். நோர்தம்பர்லாந்தில் 1893இல் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற கடுவன்தான் இந்த இனத்துக்கு மூதாதை என்பார்கள். அல்சேஷன் வேலியாக நிற்கும். இதுவோ சுற்றி வளைக்கும். மந்தைக்குப் பின்னால் பெரிய வட்டமாகப் போய், தலையைத் தாழ்த்தி, ஆட்டை முறைத்தபடி ஒவ்வோர் அடியாக நெருங்கும். குரைப்பதில்லை. பார்வையாலேயே நகர்த்தும்.

உண்மையில் இது ஓநாயின் வேட்டைதான். முறைத்தல், பதுங்குதல், துரத்தல் வரை அப்படியே இருக்கிறது. பிடித்துக் கொல்லுகிற கடைசிப் பகுதியை மட்டும் இடையர்கள் பல தலைமுறைத் தெரிவினால் மழுங்கடித்துவிட்டார்கள். ஆகவே முற்றத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இந்த நாய் செய்வதைக் கவனிக்க வேண்டும். முதலில் ஒதுங்கிப் படுத்துப் பார்க்கும். ஒரு பிள்ளை கூட்டத்தைவிட்டு விலகி ஓடினால், எழுந்து வளைந்து போய் முன்னால் மறிக்கும். பிள்ளை நிற்காவிட்டால் குதிகாலில் மெல்ல ஒரு கடி. “நாய் புள்ளைய கடிச்சிருச்சு” என்று வீடு அல்லோலகல்லோலப்படும். மறுநாள் கழுத்தில் சங்கிலி ஏறும். சங்கிலியில் கிடக்கிற மேய்ப்பு நாய் கத்தும், வாலைத் துரத்தும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கும். அதைத்தான் ‘விசர் பிடித்த நாய்’ என்று அக்கம்பக்கம் சொல்லத் தொடங்கும். உண்மையில் அதற்கு வேலை இல்லாததுதான் குறை.

அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஜோன் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேஸர் என்ற போர்டர் கொலிக்கு 1,022 விளையாட்டுப் பொருட்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். இந்தச் செய்தியைப் படிப்பவர்கள் எண்ணிக்கையில் மயங்குவார்கள். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் அவர் அதனோடு உட்கார்ந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டிய கணக்கு.

அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது? இல்லைதான். ஆனால் வேலை என்றால் ஆடுதான் வேண்டும் என்பதில்லை. மாத்தளை வீட்டுத் தோட்டத்தில் மிளகுக்கொடி இருக்கும், கோப்பி மரம் இருக்கும், வாழையடி இருக்கும். ஒரு துண்டுப் பொச்சுமட்டையில் கருவாட்டைத் தேய்த்து அங்கே ஒளித்துவைத்துத் தேடச் சொன்னால், பதினைந்து நிமிடத்தில் மூக்கும் மூளையும் களைத்துப்போய் நாய் திண்ணையில் சாயும். ஒரு மணி நேர ஓட்டத்தில்கூட அப்படிக் களைக்காது. பந்தை ஓயாமல் எறிந்துகொண்டே இருப்பது நல்லதுபோல் தெரியும். சில நாய்களுக்கு அது வெறியை ஏற்றிவிடும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்கடுவ மலையில் சுகமாக இருக்கும் நாய் தம்புள்ளையில் தவித்துப்போகும். இரண்டும் ஒரே மாவட்டம்தான். இரட்டை ரோமம் சூட்டையும் ஓரளவு தடுப்பதால் மொட்டையடிப்பது உதவியல்ல, கெடுதி. சீப்பால் உள்ரோமத்தை வாரி எடுத்தால் போதும். நடை விடியற்காலையில். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். பளபளவென்று டைல் பதித்த தரையும் அல்சேஷனுக்கு ஆகாது. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தின் பரம்பரைச் சொத்து, வழுக்குகிற தரை அதை மோசமாக்கும்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. சொறிக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியையே நாய்க்கும் போட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். கொலி வகை நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு; அந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் கதவு அவற்றில் சரியாக மூடாது. 2001இல் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இதைக் கண்டுபிடித்தார்கள். நீள்முடிக் கொலியில் பத்துக்கு ஏழு இந்தக் குறையைச் சுமக்கிறது. போர்டர் கொலியில் மிகக் குறைவு. அல்சேஷனிலும் சிலவற்றுக்கு உண்டு. அளவு மிஞ்சினால் தள்ளாட்டம், நினைவிழப்பு, சாவு. ஊசி போட வருபவரிடம் நாயின் இனத்தைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் பேராதனைக்குப் போவதே மேல். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடத்தின் ஆஸ்பத்திரி கண்டியைத் தாண்டியதும்தான் இருக்கிறது.

2008இல் எலிக்காய்ச்சல் நாட்டை உலுக்கியபோது அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயல் வரம்பில் ஓடி, தேங்கிய தண்ணீரைக் குடிக்கும் நாய்க்கும் அது வரும், நாயின் சிறுநீர் வழியாக வீட்டுக்கும் வரும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியோடு இதற்கான ஊசியையும் கேட்டுப் போடலாம். நக்கிள்ஸ் அடிவாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வேறொரு கவலை. இரவில் வெளியே கட்டிக் கிடக்கும் நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. சங்கிலியில் கிடப்பதால் அது ஓடவும் முடியாது.

முத்துமாரியம்மன் கோயில் தேருக்கு வெடி போடும் நாளில் இந்த நாய்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சின்ன ஓசைக்கும் காதை நிமிர்த்தப் பழகிய இனம், கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதே போதுமான மருந்து.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள், ஓர் இரவு அந்த வீட்டில் தங்கிப் பார்க்கலாம். எல்லோரும் படுத்த பிறகு, மெத்தையும் விரிப்பும் கிடக்க, நாய் நடைவழியில் போய்ப் படுக்கிறது. மூன்று அறைக் கதவுகளும் கண்ணில் படுகிற இடம் அது. நள்ளிரவில் யாரோ தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போகிறார். தலையைத் தூக்கி, அவர் போவதைப் பார்க்கிறது. திரும்பி வந்து கதவைச் சாத்துகிற ஓசை கேட்கும்வரை தலை தாழ்வதில்லை.